மாதம் ஒரு பாட்டில் தண்ணீர்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். பெட்டிகள் இரண்டும் வந்தன, கல்லும் உடையாமல் வந்தது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி மரப்பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். குகைத் தரையில் வளர்ந்த கல் என்றேன். இதைச் சுமந்துகொண்டா இவ்வளவு தூரம் வந்தாய் என்று அவர் கேட்ட விதத்தைப் பார்த்தால், நீ முன்கூட்டியே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாயோ என்று தோன்றியது.

எனக்குக் கிடைத்த அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், சோப்பு வாசனை வரும். இந்தக் குளிருக்கு அது நல்லதுதான். பேராசிரியை நல்லவர். ஆனால் எதையும் இரண்டு தடவை சரிபார்த்தால்தான் நம்புவார்.

நேற்றுக் கல்லை நீளவாக்கில் அறுத்தோம். உள்ளே வெங்காயத்தைப் பிளந்ததுபோல வரிவரியாக இருக்கிறது. 'கல்லில் எப்படி மழை இருக்கும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, இப்போது பொறுமையாகக் கேள். மழைத் தண்ணீர் மலைக்குள் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து குகைக் கூரையிலிருந்து சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கீழே விட்டுவிட்டுப் போகிறது. அப்படியே கல் வளர்கிறது. அடியில் இருப்பது ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய மழை, உச்சியில் இருப்பது போன வருஷத்து மழை. பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு துளைப்பானால் வரிக்கு வரி மாவெடுத்து இயந்திரத்தில் போட்டால், எந்தக் காலத்தில் மழை கொட்டியது, எந்தக் காலத்தில் பொய்த்தது என்று படிக்கலாம்.

ஆனால் அதற்கு, இன்றைக்குப் பெய்கிற மழைக்கு அந்தச் சொட்டு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் உன்னைப் பிடித்தேன். மாதம் ஒரு தடவை. பாட்டிலை வாய்வரை நிரப்பு, உள்ளே காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி எழுது. போகும் முன் ரொட்டிக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போ.

'இங்கே எல்லாம் சௌக்கியம்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதே. முழங்கால் வலியையும் சேர்த்து எழுது.

உன் மகள்


மார்ச் 14

என் கல்லுளிமங்கிக்கு,

சின்ன வயதில் நீ ஒரு வார்த்தை பேச நான் மணிக்கணக்கில் கெஞ்ச வேண்டும். அதற்காக வைத்த பெயர். இப்போது நீ கல்லைப் பேசவைக்கப் போயிருக்கிறாய், பெயர் வைத்த வாய்க்குச் சர்க்கரை போடு.

பெண்ணைப் பெற்றால் வீட்டுக்கு மருமகன் வருவான் என்றார்கள். எனக்குக் குகை வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலு காலில் ஊர்ந்து போகிறேன். போகிற வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் புதையல் ஏதாவது கிடைத்ததா என்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரர் மட்டும் மரியாதையாக, "மதியத்துக்குள்ள வரலேன்னா ஆள் அனுப்புறேன் அக்கா" என்று சொல்லி ஒரு பன்னும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பாட்டில் இத்துடன் வருகிறது. நிமிஷத்துக்குப் பதினொரு சொட்டு. உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது மனசு அடங்குகிறது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊர்ச் செய்தி நல்லதாக இல்லை. மூன்றாவது வருஷமும் பருவமழை பொய்த்துவிட்டது. குழாயில் ஒன்று விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற சக்கரத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஓடவில்லை என்றால் சூடேறி லென்ஸ் விரிசல் விட்டுவிடும். முதலாளி வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்கிறார். தெருவில் இரண்டு வீடு பூட்டிவிட்டார்கள். நான் எங்கும் போக மாட்டேன். உன் அப்பா போன பிறகு லென்ஸ் தேய்த்துத் தேய்த்தே கட்டிய வீடு இது, தண்ணீர் இல்லை என்று விட்டுவிட்டு ஓட இது என்ன சத்திரமா?

அதனால் உன் கல்லிடம் எனக்காக ஒன்றே ஒன்று கேட்டுச் சொல். மழை திரும்ப எப்போது வரும்?

முழங்கால் வலிக்கிறது. போதுமா?

அம்மா


மே 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு பாட்டிலும் பத்திரமாக வந்தன. குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். தண்ணீரைச் சோதிக்கும் இயந்திரத்துக்கு இங்கே பெரிய வரிசை. நம் முறை வர இலையுதிர் காலம் ஆகிவிடும் என்கிறார்கள். அதுவரை நீ எண்ணி அனுப்பும் சொட்டுக் கணக்குதான் எனக்குக் கைகொடுக்கிறது.

மழை எப்போது வரும் என்று கல் சொல்லாது அம்மா. அது சோதிடர் இல்லை. முன்பு இப்படி ஆனபோது எத்தனை வருஷம் நீடித்தது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். அதையும் இப்போது உறுதியாகப் படிக்க முடியவில்லை. கல்லுக்குள் ஐந்து இடங்களில் பழுப்பாக ஒரு புழுதிக் கோடு ஓடுகிறது, முடி அகலம்தான். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, எப்போதோ வெள்ளம் வந்து கல்லின் மேல் சேறு பூசிவிட்டுப் போயிருக்கலாம். இல்லையென்றால் சொட்டு அடியோடு நின்று, கல் வளராமல் கிடந்து, அதன் தலையில் புழுதி படிந்திருக்கலாம். முதலாவது என்றால் கவலையில்லை. இரண்டாவது என்றால் அந்தக் கோட்டுக்குள் எத்தனை காலம் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

இப்போது ஊரில் நடக்கும் வறட்சியிலும் சொட்டு நிற்காமல் இருந்தால், அந்த மலைக்குள் பழைய தண்ணீர் நிறையச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவு சுலபத்தில் நிற்காது என்று அர்த்தம். அதனால்தான் உன் எண்ணிக்கை எனக்கு முக்கியம்.

கூரையில் தண்ணீர்த் தொட்டியை நீயே ஏறிப் பார்க்காதே.

உன் மகள்


ஜூலை 11

கல்லுளிமங்கிக்கு,

ஜூன் பாட்டிலும் ஜூலை பாட்டிலும் சேர்த்து அனுப்புகிறேன். இரண்டு தடவையும் அதே பதினொன்றுதான். உன் மலை நன்றாகத்தான் இருக்கிறது.

இனிமேல் பதிலை என் தம்பி வீட்டு விலாசத்துக்கே போடு. நம் ஊர்த் தபால் ஆபீசில் பார்சலைப் பந்து மாதிரி எறிகிறார்கள். தம்பியின் கடற்கரை ஊரில் தபால் ஆபீஸ் பெரிது, பெட்டி கட்டித் தருகிறார்கள். போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்துவிடுகிறேன், அவன் அனுப்பிவிடுவான்.

ரொட்டிக் கடைக்காரர் கடையை மூடிவிட்டார். அடுப்பு இருந்து என்ன, மாவு பிசையத் தண்ணீர் வேண்டுமே. குடும்பத்தோடு மச்சினன் ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் என்னிடம் வந்து, உங்கள் பெண் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். சொன்னதும் சொல்கிறேன் என்றேன்.

உன் மாமாவும் மாமியும் சௌக்கியம். மாமி இப்போதெல்லாம் சோப்புக் கட்டியைப் பாதியாக வெட்டி வைக்கிறாள். மாடிக்கொடியில் துணி போட்டால் இரண்டு நாளானாலும் காய்வதில்லை, ஒரே பிசுபிசுப்பு. எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சும்மா இருக்கக் கற்றுக்கொள்கிறேன். சும்மா இருப்பதும் ஒரு வேலைதான் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

கல் வாயைத் திறந்ததா?

அம்மா


ஆகஸ்ட் 24

அன்பு அம்மாவுக்கு,

திறந்துவிட்டது. நல்லதாகவே திறந்தது.

நாலு வருஷமாகப் பருவமழை இல்லை, குழாயில் தண்ணீர் குறைந்துவிட்டது, ஆனால் சொட்டு பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை! அப்படியென்றால் மலைக்குள் இருப்பு பெரிது. இவ்வளவு வறட்சிக்கே நிற்காத சொட்டு, முன்பு மட்டும் ஏன் நிற்க வேண்டும்? ஆக அந்தப் புழுதிக் கோடுகள் வெள்ளம் பூசிய சேறாகத்தான் இருக்க வேண்டும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கல் முழுவதிலும் நீண்ட வறட்சி என்று ஒன்றே இல்லை. மழை குறைந்த காலங்கள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் நாலைந்து வருஷத்தில் சரியாகிவிடுகின்றன. நம் ஊருக்கு நாலு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்னும் ஓரிரண்டு பருவம் தாக்குப்பிடி.

தண்ணீரைச் சோதிக்கும்வரை வாயைத் திறக்காதே என்று பேராசிரியை சொல்லியிருக்கிறார். டிசம்பரில் நடக்கும் ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு முன் யாருக்கும் சொல்லக் கூடாதாம். நீ யாரோவா? இரவு முழுக்கச் சிரித்துக்கொண்டே படுத்திருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

மாடிக்கொடி என்று எழுதியிருந்தாயே, நம் வீட்டில் எப்போது மாடிக்கொடி கட்டினாய்?

உன் மகள்


செப்டம்பர் 20

என் தங்கத்துக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் மாமிக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கும் சந்தோஷம், என்னைவிட அவளுக்கே சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். உடனே காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ரொட்டிக் கடைக்காரருக்கு அன்றைக்கே கடிதம் போட்டேன். யாருக்கும் சொல்லாதே என்றாய், அவர் யாரோவா? படித்த பெண் கல்லை அறுத்துப் பார்த்துச் சொல்கிறாள், மலைக்குள் தண்ணீர் இருக்கிறதாம், நாலைந்து வருஷத்துக்கு மேல் வறட்சி நீடித்ததே இல்லையாம் என்று எழுதினேன். அவர் குடும்பத்தோடு திரும்பிவிட்டார். ஆழ்குழாய்க் கிணறு போட ஏற்பாடு செய்கிறார். மலைக்குள் இருக்கிற தண்ணீர் நிலத்துக்குள்ளும் இருக்கத்தானே செய்யும் என்கிறார், நியாயம்தானே? கடை அடுப்பை மறுபடி பூசிவிட்டாராம்.

ஆகஸ்ட் பாட்டிலும் செப்டம்பர் பாட்டிலும் இத்துடன் வருகின்றன, அதே பதினொன்றுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். சன்னல் கதவுக்கு வண்ணம் என்ன பூசலாம் என்று நீ சொல். பச்சை வேண்டாம், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முதலாளியும் கடை திறந்தால் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார். இதற்கெல்லாம் நாள் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடிக்கொடி மாமி வீட்டில்தான். அவள் சொன்னதை எழுதினேன். எதையாவது துருவிக்கொண்டே இருப்பாயா நீ?

அம்மா


நவம்பர் 2

அம்மா,

நீ எங்கே இருக்கிறாய்?

நம் முறை வந்தது. எல்லாப் பாட்டிலையும் இயந்திரத்தில் வைத்தோம். மே வரையிலான பாட்டில்களில் குகைத் தண்ணீர் இருக்கிறது. சுண்ணாம்பு நிறைந்த தண்ணீர். ஜூனிலிருந்து வந்த நாலு பாட்டிலிலும் சுண்ணாம்பு இல்லை, குளோரின் இருக்கிறது. அது மட்டுமில்லை. மேகம் கடலிலிருந்து நிலத்துக்குள் போகப் போக, கனமான தண்ணீரை முதலில் இறக்கிவிட்டு இலேசானதைக் கொண்டுபோகும். அதனால் கடலோர மழை கனமாகவும் நம் ஊர் மழை இலேசாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தை இந்த இயந்திரம் அளக்கும். நீ அனுப்பிய நாலு பாட்டிலும் கடலோரத்துத் தண்ணீர்.

பேராசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாட்டிலை நிரப்புவது யார் என்று கேட்டார். என் அம்மா என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காயாத துணி, பாதி சோப்பு, மாறிய விலாசம் எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நாலு மாதமும் அச்சுப் பிசகாமல் பதினொன்று. எந்தச் சொட்டும் அப்படிச் சொட்டாது, எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய், நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வருகிறது. பயமாகவும் இருக்கிறது. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் அதை மட்டும் முதலில் எழுது. மற்றதைப் பிறகு பேசலாம்.

உன் மகள்


நவம்பர் 20

கண்ணே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தம்பி வீட்டில் இருக்கிறேன், ஜூன் முதல்.

மே கடைசியில் மறுபடி ஒரு தடவை குகைக்குப் போனேன். மாதத்து வேலை முடிந்திருந்தது, சும்மாதான் போனேன், அங்கே உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று. சொட்டவில்லை. விளக்கை மேலே அடித்துப் பார்த்தேன். சொட்டு திரளுமே, அந்த நுனி சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக உலர்ந்திருந்தது. கொஞ்சம் பொறுத்தால் சொட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை. ரொட்டிக் கடைக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். முழங்கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லி எழுந்து வந்தேன். அடுத்த வாரம் தெருக்குழாயும் நின்றது, லென்ஸ் கடையை மூடினார்கள், தம்பி வண்டியோடு வந்துவிட்டான்.

இதை எழுதினால் நீ அடுத்த விமானத்தைப் பிடிப்பாய் என்று தெரியும். இந்தப் படிப்புக்கு மூன்று தடவை விண்ணப்பம் போட்டு, ஒவ்வொரு தடவையும் இல்லை என்று வந்தபோது நீ சமையலறையில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். சொட்டு நின்றால் உன் வேலையும் நின்றுவிடும் என்று நினைத்தேன். தம்பி வீட்டுக் குழாயில் பிடித்தேன். தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தேன். கனமான தண்ணீர், இலேசான தண்ணீர் என்று உலகத்தில் யாருக்குத் தெரியும்?

பேராசிரியை முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள். மற்றபடி, அதே நிலைமை வந்தால் மறுபடியும் அப்படித்தான் செய்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். பொய் சொன்னது நான்தான், கல் சொல்லவில்லையே. நீண்ட வறட்சி இல்லை என்று கல்லில் பார்த்துத்தானே ஆகஸ்டில் எழுதினாய்? அது அப்படியேதான் இருக்கிறது அல்லவா? உன் மாமியிடம் அடுத்த பருவத்தோடு கிளம்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். ரொட்டிக் கடைக்காரர் இரண்டு இடத்தில் துளைபோட்டு ஈரமே காணவில்லை, மூன்றாவது இடம் பார்க்கிறார். உடனே பதில் போடு.

அம்மா


டிசம்பர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

இல்லை அம்மா. அது அப்படியே இல்லை.

சொட்டு நிற்கவில்லை என்று நீ எழுதியதை வைத்துத்தான் அந்தக் கோடுகளைச் சேறு என்றேன். சொட்டு நின்றது. அப்படியென்றால் அந்தக் கோடுகளும் சொட்டு நின்ற காலங்கள்தான். உன் கடிதம் வந்த மறுநாள் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழேயும் மேலேயும் மாவெடுத்து வயது பார்த்தோம். கல்லுக்குள் மிகச் சிறிய அளவில் யுரேனியம் இருக்கும், அது காலம் போகப் போக வேறொன்றாக மாறும், எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து வயது சொல்லலாம். இரண்டு வயதுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் சொட்டு நின்றிருந்த காலம். ஐந்தில் மிகச் சிறியதே முப்பது வருஷத்துக்குக் குறையாது. பெரியது நூறைத் தாண்டும்.

மழை குறைந்த மற்ற காலங்களில் சொட்டு மெதுவாகியிருக்கிறது, நிற்கவில்லை, அவை சீக்கிரம் சரியாகிவிட்டன. வரி மெலிந்து பிறகு தடிக்கிறது, அவ்வளவுதான். கல்லில் தெரிகிற அளவுக்கு நின்றபோதெல்லாம் ஒரு தலைமுறைக்குத் திரும்பவில்லை. ஓரிரு வருஷம் மட்டும் நின்றிருந்தால் கல்லில் கோடு விழுந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. இந்த முறை அப்படியும் இருக்கலாம் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எழுதினால் நீ அதை மட்டும்தான் படிப்பாய்.

டிசம்பர் கூட்டத்திலிருந்து விலகிக்கொண்டேன். பேராசிரியை திட்டவில்லை. உன் அம்மா பாட்டிலை அனுப்பாமல் சொட்டு நின்றுவிட்டது என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அதுதான் இந்த வருஷத்தின் மிகப் பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். வேலை நிற்கும் என்று பயந்தாயே, நின்ற சொட்டுதான் எனக்கு வேண்டியிருந்தது. உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நானும் சோதித்துப் பார்க்காமல் உன்னிடம் கொட்டியவள்தான்.

ரொட்டிக் கடைக்காரரை நிறுத்தச் சொல். மூன்றாவது துளை வேண்டாம். நீ வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம். உன் காலத்தில் அந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று நான் நம்பவில்லை. இந்த வரியை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

இங்கே வந்துவிடு. அறை சின்னது, ஆனால் இரண்டு கட்டில் போடலாம், அளந்து பார்த்துவிட்டேன்.

உன் மகள்


ஜனவரி 5

மகளுக்கு,

உன் கடிதம் வந்ததும் ஊருக்குப் போனேன். ரொட்டிக் கடைக்காரரிடம் தபாலில் சொல்கிற விஷயம் இல்லை இது. போனபோது மூன்றாவது துளையும் போட்டு முடித்திருந்தார். கடை வாசலில் துளைபோட்ட இடத்து வெள்ளைப் பொடி குவிந்து கிடந்தது, மாவு என்று நினைத்துவிட்டேன். நான் குழாய்த் தண்ணீரை அடைத்து அனுப்பியதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போயிருந்தேன்.

"நீங்க சொன்னதுக்காக நாங்க வரல அக்கா. எங்களுக்கு வரணும்னு இருந்துச்சு, அதனால நீங்க சொன்னத நம்பினோம்" என்றார்.

எனக்கும் அதேதான். சொட்டு நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான். பதினொன்று என்று எழுதியவளும் நான். அதை வைத்து நீ எழுதி அனுப்பியதும், ஊர் பிழைத்தது என்று சன்னலுக்கு வண்ணம் யோசித்தவளும் நான்தான். என் பொய்யே சுற்றிக்கொண்டு உன் கையெழுத்தில் திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இப்படி ஒரு முட்டாளை நீ எந்தக் கல்லிலும் பார்த்திருக்க மாட்டாய்.

வீட்டைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. கதவு இறுகியிருக்கிறது, சுவரில் ஒரு விரிசல் கிடையாது. பழுதாகியிருந்தாலாவது விட்டுவிட மனசு வந்திருக்கும். எல்லா அறையிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பூட்டினேன்.

தம்பி வீட்டுக்குத் திரும்பியதும் மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இனிமே இங்கதானா அண்ணி?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம், இரண்டு அறையில் ஐந்து பேர். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நான் ஆறு மாதம் இருந்துவிட்டேன். கிளம்பும் நாள் ஒன்று இருந்தவரை அவளுக்கும் பொறுமை இருந்தது, எனக்கும் இருந்தது. திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறவள்தான் விருந்தாளி. மீன் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துக் குடிவந்துவிட்டேன். எலி வளையானாலும் தனி வளை. பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது, லென்ஸ் தேய்க்க ஆள் வேண்டும் என்றார்கள். இங்கே எல்லாம் மின்சார இயந்திரம். கை பழகிவிடும்.

நீ இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன். இரண்டு கட்டில் போடலாம், சரி. பகல் முழுக்க நான் என்ன செய்வது, சோப்பு வாசனையை முகர்ந்துகொண்டிருக்கவா?

நீ உண்மையை எழுதினாய். பேராசிரியையிடமும் ஒளிக்காமல், கூட்டத்தையும் விட்டுக்கொடுத்தாய். உன்னை வளர்த்தவள் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம், ஊராரிடம் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உன்னிடம் ஒன்று சொல்கிறேன். இந்த முறை வேறு மாதிரி இருக்கலாம் என்று எழுதினால் அதை மட்டும்தான் படிப்பேன் என்றாய். ஆமாம், அதை மட்டும்தான் படித்தேன். அதற்கு அடுத்த வரியில் நீயே அதைப் பிடுங்கிக்கொண்டாய். நான் உனக்காக நாலு மாதம் பொய் சொன்னேன். நீ எனக்காக ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வருஷம் அந்த வீட்டுக்காரியாக இருந்திருப்பேன்.

இது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் கோபம் போகவில்லை.

புது விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவசரம் என்றால் அதற்குத் தந்தி கொடு. மற்றபடி இப்போதைக்குப் பதில் எழுதாதே. எழுதினால் பிரித்துவிடுவேன், பிரித்துப் படித்தால் உன்னை மன்னித்துவிடுவேன். அதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்.

அம்மா